சூபாய்: கோவேறு கழுதை தபால் சுமக்கும் ஓடைக்கரை ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றின் அடியில், ஹவசு என்ற ஓடையின் கரையில் இருக்கிறது சூபாய். கார் போகாத ஊர். நான் ஃபீனிக்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். அந்த ஓடையின் நீல அருவிப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும்போதெல்லாம் “இது நிஜமா, கம்ப்யூட்டரில் வரைந்ததா, எப்படிப் போவது” என்று நாலைந்து பேராவது எனக்கு எழுதிவிடுகிறார்கள். அருவியைக் கேட்பவர்கள் அதிகம், ஊரைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ ஊர்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆகவே பதில்கள் கொஞ்சம் ஊர்ப் பக்கமே சாயும்.

சூபாய் சரியாக எங்கே இருக்கிறது?

அரிசோனாவின் வடக்கில், கோகோனினோ கவுண்டியில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 975 மீட்டர் உயரம். உயரம் என்றதும் மலையூர் என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றியிருக்கும் மேட்டு நிலம் அதைவிடப் பல நூறு மீட்டர் மேலே இருக்கிறது. அந்த மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் கிணற்றுக்குள் கிடக்கிறது. சிவந்த பாறைச் சுவர்கள் இரு பக்கமும் செங்குத்தாக நிற்க, நடுவில் கொஞ்சம் சமதளம், அதில் பருத்திமரங்கள் என்று அங்கே சொல்லப்படும் காட்டன்வுட் மரங்கள், வீடுகள், குதிரைப் பட்டிகள், வேலிகள். எல்லாவற்றையும் ஒட்டி ஓடை.

தார்ச்சாலை ஹுவாலபாய் ஹில்டாப் என்ற மலைமுகட்டோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஊருக்கு 8 மைல், அதாவது 13 கிலோமீட்டர், நடைபாதை. முதல் ஒன்றரை மைல் சுவரில் கோணல் கோணலாக வெட்டிய இறக்கம். அதன்பின் வறண்ட ஓடைப்படுகையில் சரளைக் கல்மேல் நடை. மொத்தம் 600 மீட்டர் போல இறங்க வேண்டும். இறங்கும்போது தெரியாது, திரும்பி ஏறும்போது முழங்கால் கணக்குக் கேட்கும்.

அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், அமெரிக்காவிலேயே எட்டுவதற்கு மிகக் கடினமான ஊர் இதுதான் என்று சொல்வார்கள்.

இது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறதா?

இல்லை. எல்லாரும் செய்யும் தவறு இது. பள்ளத்தாக்கு அதே பள்ளத்தாக்கின் கிளைதான், ஆனால் நிலம் ஹவசுபாய் என்ற பழங்குடியினருடையது. பூங்காவின் அனுமதிச் சீட்டு இங்கே செல்லாது. இங்கே வாங்கும் அனுமதி அங்கே செல்லாது.

சுற்றுலாப் பயணிகள் கூடும் தெற்கு விளிம்புக்கும் சூபாய்க்கும் நேர்கோட்டில் சுமார் 35 மைல்தான். ஆனால் காரில் ஹில்டாப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகலாம். நடுவில் பள்ளத்தாக்குகள் கிடப்பதால் தெற்கே இறங்கி, பழைய ரூட் 66 சாலையைப் பிடித்து, பீச் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் அருகே திரும்பி, அறுபது மைலுக்கு மேல் ஆளரவமற்ற சாலையில் வடக்கே வர வேண்டும். அந்த அறுபது மைலில் பெட்ரோல் பங்க் கிடையாது.

லேக் ஹவசு சிட்டியும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. கூகுளில் “ஹவசு” என்று மட்டும் தட்டி ஹோட்டல் போட்டவர்கள் உண்டு. லேக் ஹவசு சிட்டி என்பது மேற்கே, கலிஃபோர்னியா எல்லையில், கொலராடோ ஆற்றின் அணைக்கட்டு ஏரிக்கரையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம். லண்டன் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து 1971-ல் திறந்து வைத்தார்களே, அந்த ஊர். இரண்டுக்கும் பொதுவானது பெயர் மட்டும்.

பெயருக்கு என்ன பொருள்?

“ஹ” என்றால் தண்ணீர், “வசு” என்றால் நீலப்பச்சை, “பாய்” என்றால் மக்கள். ஹவசுபாய் என்பது நீலப்பச்சை நீரின் மக்கள். அதன் வால்தான் சூபாய் என்ற ஊர்ப்பெயர். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல்லா என்று ஒரு நண்பர் கேட்டார். திருமாலை நீலவண்ணன் என்றும் பச்சை நிறத்தவன் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லும் நமக்கு அது பெரிய வியப்பாக இருக்கக் கூடாது. ஓடையை ஒருமுறை பார்த்தால் இரண்டு சொல் எதற்கு என்றுதான் தோன்றும்.

பக்கத்து இனத்தவர் ஹுவாலபாய்: பாண்டரோசா பைன் மரத்து மக்கள். ஒரே “பாய்”தான்.

மக்கள்தொகை எவ்வளவு?

2010-ம் ஆண்டு கணக்கெடுப்பில் சூபாயில் 208 பேர்.

இந்தப் பதிலோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இணையத்தில் 200 என்றும் 500 என்றும் 650 என்றும் வேறு வேறு எண்கள் கிடைக்கும். பெரும்பாலும் எதுவும் பொய்யல்ல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். 208 என்பது கணக்கெடுப்புத் துறை தன் வசதிக்காக வரைந்த “சூபாய்” என்ற எல்லைக்குள் அகப்பட்டவர்கள். 2000-ம் ஆண்டில் ரிசர்வேஷன் முழுவதற்கும் எடுத்த கணக்கு 503. சுமார் 650 என்பது பழங்குடியின் பதிவேட்டில் உள்ளவர்கள். அவர்களில் பலர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ மேலே, வேறு ஊர்களில் இருக்கிறார்கள்.

(ரிசர்வேஷன் என்றால் நமக்கு ரயில் டிக்கெட்டோ இடஒதுக்கீடோதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது பழங்குடியினருக்கென்று அரசு எல்லை கட்டிய நிலம்.)

இவ்வளவு சிறிய ஊரில் தலையை எண்ணுவது சுலபம்தானே?

நேர் எதிர். அமெரிக்கக் கணக்கெடுப்பு வீட்டு முகவரியை நம்பி நடக்கிறது: முகவரிக்குப் படிவம் அனுப்பு, திரும்பி வந்தால் எண்ணு. சூபாயில் வீடு வீடாகத் தபால் கொடுப்பதில்லை. எல்லாரும் தபால் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள். அப்படியான இடங்களுக்கு ஆள்தான் நேரில் இறங்கிப் போக வேண்டும்.

பிறகு, யார் “ஊரில் இருப்பவர்”? எட்டாம் வகுப்புக்குமேல் உள்ளூரில் பள்ளி இல்லாததால் பிள்ளைகள் வெளியூர் விடுதிப் பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். விதிப்படி அவர்களைப் பெற்றோர் வீட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அந்த விதி வீட்டில் கேள்விக்குப் பதில் சொல்பவருக்குத் தெரியுமா? “பையன் இங்கே இல்லையே” என்பதுதான் யாருக்கும் இயல்பாக வரும் பதில். இருநூறு பேர் ஊரில் இப்படி இருபது பேர் விடுபட்டால் பத்து சதவீதம் போய்விடும். ஆகவே சின்ன ஊர்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை வைத்து “ஊர் அழிகிறது”, “ஊர் வளர்கிறது” என்று எழுதுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஓடையோரக் கூடார முகாமில் சீசனில் ஓர் இரவுக்கு ஏறக்குறைய முந்நூறு வெளியாட்கள் தங்குவார்கள். அந்த இரவுகளில் ஊர்க்காரர்களைவிட விருந்தாளிகள் அதிகம்.

ஓடை இருக்கிறது, மண் இருக்கிறது. பிறகு ஏன் ஊர் பெரிதாகவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

சமதளம் குறைவு, உண்மைதான். ஆனால் ஹவசுபாய் மக்கள் ஒருகாலத்தில் அந்தச் சமதளத்தில் மட்டுமே வாழ்ந்தவர்கள் அல்லர். ஆண்டை அவர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கோடையில் கீழே: ஓடை நீரை வாய்க்காலில் திருப்பி மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. அறுவடை முடிந்து குளிர் வந்தால் மேலே, மேட்டு நிலத்துக்கு. அங்கே மான் வேட்டை, பின்யான் பைன் கொட்டை, எரிக்க விறகு, குளிருக்கு வெயில். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு வரை அவர்கள் நடமாடிய நிலம். ஓடைக்கரை அவர்களுக்கு வயலும் தோட்டமும்; பாதி வீடு.

1880-ல் ஜனாதிபதி ஹேஸ் ஓர் உத்தரவில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கினார். 1882 மார்ச்சில் ஜனாதிபதி ஆர்தர் அதைத் திருத்தினார். திருத்தியபின் மிஞ்சியது 518 ஏக்கர். இரண்டு சதுர கிலோமீட்டர்தான். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் உழக்கூடிய துண்டு, அவ்வளவே. சுரங்கம் தேடி வருபவர்கள், கால்நடைப் பண்ணைக்காரர்கள் மேலே பெருகினார்கள். 1893-ல் மேட்டு நிலம் வனக் காப்பகமானது. 1919-ல் தேசியப் பூங்கா வந்தது. தாங்கள் குளிர்காலத்தில் தங்கி வந்த இடங்களிலேயே அந்த மக்கள் அத்துமீறிகள் ஆனார்கள். வேளாண்மைக்கான கோடைத் தளத்தில் ஆண்டு முழுதும் அடைந்து கிடக்க நேர்ந்தது. வீடு, வயல், குதிரைக்கு மேய்ச்சல், இடுகாடு, எல்லாமே அந்த 518 ஏக்கருக்குள். குளிர்காலத்தில் விறகுக்குக்கூட வழியற்ற பள்ளம் அது.

ஒரு நூற்றாண்டுக்கு அருகில் இப்படியே ஓடியது. 1975 ஜனவரியில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 1,85,000 ஏக்கர் மேட்டு நிலம் அவர்களுக்குத் திரும்பியது. பூங்காவுக்குள் மேலும் 95,000 ஏக்கரை மரபுவழிப் பயன்பாட்டுக்கு அனுபவிக்கும் உரிமையும் கிடைத்தது. அமெரிக்கப் பழங்குடியினருக்கு நிலம் திரும்பக் கிடைத்த பெரிய நிகழ்வுகளில் ஒன்று. ஆனால் அதற்குள் பள்ளி, தபால் நிலையம், கடை, மருத்துவமனை எல்லாம் கீழேயே வேர்விட்டுவிட்டன. மேலே நிலம் உண்டு, தண்ணீர் கீழே. ஆக, ஊரின் தலைக்கணக்கை ஓடை தீர்மானித்தது பாதி, 1882-ல் வரைந்த கோடு தீர்மானித்தது மீதி.

கிராண்ட் கேன்யனில் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கியவர்களுக்கு “இந்தியன் கார்டன்” என்ற நிழலான இடம் நினைவிருக்கும். அதுவும் இவர்கள் பயிர் செய்து, பிறகு வெளியேற்றப்பட்ட இடம். 2022 நவம்பரில் அதன் பெயரை ஹவசுபாய் கார்டன்ஸ் என்று மாற்றினார்கள்.

பாலைவனத்தில் ஓடை எப்படி வற்றாமல் ஓடுகிறது?

ஊரில் ஆண்டு மழை 25 சென்டிமீட்டருக்குள்தான். ஓடையை அந்த மழை ஓட்டவில்லை. தெற்கே விரிந்து கிடக்கும் கோகோனினோ மேட்டு நிலத்தில் விழும் மழையும் பனியும் பாறை வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் தேங்கி, ஊருக்குச் சற்று மேலே ஊற்றாகப் பீறிடுகின்றன. நிமிடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர். ஊற்றுக்கு மேலே அதே பள்ளத்தாக்கில் நடந்து வந்தால் வெறும் மணல். ஊற்றைத் தாண்டியதும் முழங்கால் நீர். ஒரே படுகையில் பாலையும் மருதமும் பக்கம் பக்கமாக.

நிலத்தடியிலிருந்து வருவதால் தண்ணீர் கோடை, குளிர் எதுவானாலும் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ். கிராண்ட் கேன்யன் பகுதியில் கொலராடோ ஆற்றில் கலக்கும் துணையாறுகளில் லிட்டில் கொலராடோவுக்கு அடுத்த இடம் இந்த ஓடைக்கு.

அந்த நிறம் உண்மையா?

உண்மை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட்தான் காரணம். நீர் அருவியில் விழுந்து காற்றோடு கலக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அதுவரை கரைந்திருந்த சுண்ணாம்பு படிவாகப் பிரிகிறது. ஓடையின் தரை வெண்மையாகிறது, நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன, நீர் நீலப்பச்சையாகத் தெரிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் உப்புநீர் வெள்ளையாகப் படியுமே, அந்தச் சங்கதிதான். இங்கே அதுவே பாத்திகட்டினாற்போல் அரைவட்ட வரப்புகளாக வளர்ந்து, குளம் குளமாக அடுக்கி வைத்திருக்கிறது. தண்ணீரில் விழுந்த கிளைகூடச் சில காலத்தில் கல் போர்த்திக்கொள்ளும்.

மழை பெய்தால் இந்த நிறம் போய்ச் செம்மண் குழம்பாகிவிடும். ஆயிரம் டாலர் செலவழித்துப் போய் டீ நிற அருவியைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

எத்தனை அருவிகள்?

ஊருக்குக் கீழே வரிசையாக: ஃபிஃப்டி ஃபுட், லிட்டில் நவாஹோ, ஹவசு (சுமார் 30 மீட்டர்), மூனி (சுமார் 60 மீட்டர்), பீவர். படங்களில் வருவது பெரும்பாலும் ஹவசு. மூனி என்பது 1880-களின் தொடக்கத்தில் அங்கே கயிற்றில் இறங்கும்போது விழுந்து செத்த ஒரு சுரங்கத் தேடியின் பெயர். இன்றும் அந்த அருவிக்குக் கீழே இறங்கப் பாறைக் குகைவழியும் சங்கிலியும் ஏணியும்தான். சாரலில் எல்லாம் நனைந்து வழுக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் மேலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

வெள்ளம் வருமா?

வரும். ஓடையின் நல்ல குணத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

ஊற்று நீரின் அளவு மாறாது. ஆனால் ஊற்றுக்கு மேலே வறண்டு கிடக்கும் அந்தப் படுகை, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்துக்கு வடிகால். எங்கோ தொலைவில் இடி மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரலாம். அகலமான நிலத்தில் விழுந்த நீர் முழுவதும் இந்தக் குறுகலான சந்தில் நுழைய வேண்டும்.

1910 ஜனவரியில் வந்த வெள்ளம் ஊரையே துடைத்துப் போட்டது. 2008 ஆகஸ்டில் மேலே ரெட்லேண்ட்ஸ் என்ற மண்ணணை உடைந்தது. சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று. அந்த இரவில் ஓடை தன் பாதையையே மாற்றிக்கொண்டதால் பழைய நவாஹோ அருவி வறண்டு போனது. இன்று லிட்டில் நவாஹோ, ஃபிஃப்டி ஃபுட் என்று அழைக்கப்படுபவை அப்போது உருவெடுத்தவை. பழைய பயண நூல் வரைபடம் வைத்திருப்பவர்கள் குழம்புவது இதனால்தான். 2010, 2018, 2022 ஆண்டுகளிலும் வெள்ளம். 2024 ஆகஸ்டில் வந்ததில் ஒரு பயணி இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வான்வழியே மீட்கப்பட்டார்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அரிசோனாவின் பருவமழைக் காலம். “மான்சூன்” என்றே அங்கும் சொல்வார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் கூடாரத்தைத் தண்ணீருக்கு எவ்வளவு அருகில் போடுகிறோம் என்று இரண்டுமுறை யோசிக்கவும்.

வெயில், குளிர்?

கோடையில் 38 டிகிரிக்கு மேல் சாதாரணம். பாறைச் சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவிலும் திருப்பிக் கொடுக்கும். குளிர்காலத்தில் இதே சுவர்கள் சூரியனை மறைத்துக்கொள்ளும். வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும்.

கார் போகாத ஊருக்கு அரிசி பருப்பு எப்படிப் போகிறது?

மூன்று வழி: கால், குளம்பு, ஹெலிகாப்டர். வாரத்தில் சில நாட்கள் ஹில்டாப்புக்கும் ஊருக்கும் ஹெலிகாப்டர் ஓடும். உள்ளூர்க்காரர்களுக்கும் சரக்குக்கும் முதலிடம். பயணிகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். வீடு கட்டும் பலகை, குளிர்பதனப் பெட்டி, சின்ன டிராக்டர் எல்லாம் அப்படித் தொங்கிக்கொண்டுதான் வந்து இறங்குகின்றன.

மற்றவை பொதி விலங்குகள் மீது. அமெரிக்கத் தபால் துறை கோவேறு கழுதைகளை வைத்துத் தபால் அனுப்பும் இடம் இது. தபால் என்றால் கடிதம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மளிகையும் பார்சலாகத் தபாலில்தான் வருகிறது. முட்டையும் ரொட்டியும் ஸ்டாம்பு ஒட்டிய சரக்காகப் பாதையில் இறங்கி வரும். பொதிகாரர் குதிரையில் முன்னால் போக, பின்னால் கயிற்றில் கோத்தாற்போல் விலங்குகள் வரும். பாதையில் அந்த வரிசை எதிர்ப்பட்டால் நீங்கள் சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் அல்ல. இடித்தால் விழப்போவது கழுதை இல்லை.

விலை? எட்டு மைல் பாதை ஒவ்வொரு பொருளிலும் ஏறியிருக்கும். ஊர்க்கடையில் விலையைப் பார்த்து முணுமுணுத்த பயணி ஒருவரைப் பார்த்தேன். அவர் முதுகுப்பையே குதிரையில்தான் இறங்கியிருந்தது.

ஊருக்குள் என்னென்ன இருக்கின்றன?

தபால் நிலையம், பழங்குடி மன்ற அலுவலகம், மளிகைக் கடை, சிற்றுண்டிக் கடை, 24 அறைகள் கொண்ட விடுதி, ஆரம்பப் பள்ளி, சிறு மருத்துவமனை, தேவாலயம். மின்சாரம் உண்டு. தெருக்கள் மண். மதுவுக்குத் தடை, கொண்டுபோனாலும் குற்றம்தான்.

என்ன மொழி பேசுகிறார்கள்?

ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும். வீட்டு மொழி ஹவசுபாய். யூமன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஹுவாலபாய் மொழியும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே, ஒருவர் பேசினால் மற்றவருக்குப் புரியும். அமெரிக்கப் பழங்குடி மொழிகள் பலவற்றில் தாத்தா பாட்டிகள் மட்டுமே பேச்சாளர்களாக மிஞ்சியிருக்கும்போது, இங்கே பிள்ளைகள் வாயில் மொழி புழங்குவது பெரிய சங்கதி. ஊர் ஒதுங்கிக் கிடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன்.

இன்னும் விவசாயம் நடக்கிறதா?

கொஞ்சம், வீட்டுத் தோட்ட அளவில். ஸ்பானியப் பாதிரியார் கார்செஸ் 1776-ல் இங்கே வந்தபோதே வாய்க்கால் பாசனம் இருந்தது. பீச் பழ மரங்கள் பின்னால் வந்து சேர்ந்து ஊரின் பெருமையாகிவிட்டன. ஆகஸ்டில் பீச் திருவிழா நடக்கும். இன்று குடும்பங்களின் வருமானம் பெரும்பாலும் பயணிகளிடமிருந்து. கோவிட் காலத்தில், 2020 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை, ரிசர்வேஷனை வெளியாருக்கு மூடிவிட்டார்கள். அந்த வருமானத்தை விட்டுவிட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டு கதவடைத்தது சின்ன முடிவல்ல. மருத்துவ வசதி குறைந்த ஊர் என்பதை நினைத்தால் முடிவு புரியும்.

பள்ளிக்கூடம் எப்படி?

எட்டாம் வகுப்பு வரை. நடத்துவது அமெரிக்க மத்திய அரசில் பழங்குடியினருக்கென்று இருக்கும் கல்வித் துறை. ஆசிரியர் பற்றாக்குறை, பல பாடங்கள் கற்பிக்கப்படவே இல்லை என்று குடும்பங்கள் 2017-ல் வழக்குப் போட்டன. 2023-ல் சமரசத்தில் முடிந்தது. எந்த ஆசிரியராவது நாலு ஆண்டு தங்கினாலே அதிசயம் என்னும் இடத்தில், வழக்கு வென்றாலும் வகுப்பறை நிறைய நாளாகும்.

இரத்த மாதிரி வழக்கு என்று படித்தேன். அது இந்த ஊர்தானா?

இதே மக்கள்தான். ஊரில் சர்க்கரை நோய் அதிகம். அதை ஆராய்வதாகச் சொல்லி 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுத்தார்கள். பின்னால் அதே மாதிரிகளை மனநோய், உறவுக்குள் திருமணம், இனத்தின் இடப்பெயர்ச்சி வரலாறு ஆகியவற்றை ஆராயவும் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக நம்பும் மக்களிடம், கேட்காமலே “உங்கள் முன்னோர் வேறு கண்டத்திலிருந்து வந்தவர்கள்” என்று அவர்கள் இரத்தத்தை வைத்தே எழுதியது ஆழமாகப் புண்படுத்தியது. 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த மாதிரிகளைத் திருப்பித் தந்தது. மருத்துவ ஆய்வில் “சம்மதம்” என்றால் என்ன என்று கற்பிக்கும் வகுப்புகளில் இந்தச் சின்ன ஊரின் பெயர் இன்றும் வருகிறது.

ஓடைக்கு ஆபத்து ஏதும் உண்டா?

ஊர்க்காரர்களைக் கேட்டால் யுரேனியம் என்பார்கள். தெற்கு விளிம்புக்குத் தெற்கே, அவர்கள் புனிதமாகக் கருதும் ரெட் பியூட் குன்றின் அருகே, பின்யான் பிளெய்ன் என்ற சுரங்கம் இருக்கிறது. ஓடையின் ஊற்றுக்கு நீர் கொடுப்பதே மேட்டு நிலத்தின் அடியில் இருக்கும் நீர்த்தேக்கம் என்பதால், அங்கே தோண்டினால் இங்கே என்ன ஆகும் என்பது அவர்களது அச்சம். பாதிப்பு வராது என்கிறது சுரங்க நிறுவனம். 2023 ஆகஸ்டில் அந்த வட்டாரத்தை “நேஷனல் மானுமென்ட்” ஆக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலமாக, ஜனாதிபதி பைடன் அறிவித்தார்; புதிய சுரங்கங்களுக்குத் தடை வந்தது, ஏற்கெனவே உரிமை பெற்ற இந்தச் சுரங்கத்துக்கு அல்ல.

போய் வரலாமா?

முன்பதிவு அனுமதி இருந்தால் மட்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் நடை அனுமதிக்கப்படுவதில்லை. தங்க வேண்டும், அதற்கு ஆளுக்குப் பல நூறு டாலர். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ட்ரோன் கூடாது. வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. நம்மூரில் யாராவது நம் வாசல் திண்ணையில் வந்து நின்று செல்ஃபி எடுத்தால் எப்படி இருக்கும், அதேதான்.

ஊருக்கு மேலே இரண்டு கல்தூண்கள் தெரிகின்றனவே?

விக்லீவா. ஊரைக் காக்கும் இரு காவலர்கள் என்பது நம்பிக்கை. அவை விழுந்தால் பள்ளத்தாக்கின் சுவர்கள் மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். முதல்முறை பார்க்கும்போது எனக்கு ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார்தான் நினைவுக்கு வந்தார்.

அங்கிருந்து கடிதம் போடலாமா?

போடலாம், போட வேண்டும். தபால் நிலையத்தில் கோவேறு கழுதைத் தபால் என்று பொறித்த தனி முத்திரை குத்துவார்கள். உலகெங்கும் முத்திரை சேகரிப்பவர்கள் அதற்காகவே உறை அனுப்பி வைப்பதுண்டு. நான் என் அம்மாவுக்கு ஒரு அஞ்சலட்டை போட்டேன். மறுநாள் நான் ஏறிக்கொண்டிருந்தபோது தபால் வரிசை என்னைத் தாண்டிப் போனது. அட்டை எனக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.